தாயம் விழுமுன்

எங்கள் வீட்டு முன்னறை ஒரு காலத்தில் தறிக்குழி இருந்த இடம். குழியை மூடிச் சிமெண்டு பூசி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சின்னாளப்பட்டியில் இப்படி மூடப்பட்ட குழிகளின் மேல் உட்கார்ந்துதான் பலர் இன்று டீ குடிக்கிறோம். ஒரு பொங்கல் விடுமுறையில் என் தங்கை மகனும் அவனுடைய கல்லூரி நண்பர்கள் மூன்று பேரும் அந்த இடத்தில் சம்மணம் போட்டு நான்கு இரவு ஒரு விளையாட்டு ஆடினார்கள். ஐந்தாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது இரவு நடந்த ஒன்றைப் பற்றியே இந்தக் கட்டுரை.

விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. பலகை இருந்தாலும் இருக்கலாம், இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். ஒருவர் கதை சொல்லி. காடு, குகை, எதிரி, வானிலை எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, 'நான் கதவைத் தள்ளுகிறேன்', 'நான் ஒளிந்துகொள்கிறேன்' என்று தன்மையிலேயே பேசவேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டை சொல்லும். நம் கூத்தில் வேடம் கட்டியவன் 'நான் துரியோதனன் வந்தேன்' என்று சபையில் அறிவிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் தெரியாது. அந்நியமாகத் தெரிந்தது ஒரு தாள்தான்.

ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தருகிறார்கள். பெயர், இனம், வலிமை, அறிவு, கையிருப்பு. இவற்றோடு ஒரு கட்டம்: 'அலைன்மென்ட்'. நெறிச்சார்பு என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு பக்கம் ஒழுங்கு, நடுநிலை, குலைவு. இன்னொரு பக்கம் நன்மை, நடுநிலை, தீமை. பெருக்கினால் ஒன்பது. இந்த ஒன்பதில் நீ எது என்று, நீ இன்னும் எதையும் செய்யாத நிலையில், எழுதித் தரவேண்டும். 1974இல் ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்ற மூன்று மட்டும் இருந்தன. பவுல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் கற்பனைக் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை அவை. நன்மை தீமை என்ற இரண்டாவது அச்சு பிறகு சேர்ந்து, 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ஒன்பது கட்டமாக முழுமை பெற்றது.

ஆட்டக்காரனாவது தன் கட்டத்தைத் தானே தேர்ந்துகொள்கிறான். எதிரில் வருபவனுக்கு அந்த வசதியும் இல்லை. அவனுடைய கட்டம் அச்சிலேயே வந்துவிடுகிறது. 1977இல் வெளியான 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற புத்தகத்தில் 'ஓர்க்' என்ற இனம் 'ஒழுங்கு–தீமை'. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதே ஓர்க் 'குலைவு–தீமை' ஆகிவிட்டது. இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு இனமே ஒழுங்கிலிருந்து குலைவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது, அவர்களில் ஒருவரும் எதையும் செய்யாமலே. மூன்றாம் பதிப்பு இன்னொரு நுணுக்கத்தையும் கொண்டுவந்தது. சில இனங்கள் 'எப்போதும்' தீயவை, சில 'பெரும்பாலும்', சில 'அடிக்கடி'. இந்த வினையடைகளைப் படித்தபோது எனக்குக் காவல்நிலையப் பதிவேட்டின் வாசனை அடித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் அரக்கரும் அந்தப் புத்தகத்தில் உண்டு. 'ராட்சசா' என்ற பெயரில், புலித்தலையோடு, வாயில் புகைக்குழாயோடு, 'ஒழுங்கு–தீமை'யாக. இதற்குத் தூண்டுதல் வால்மீகி அல்ல, கைகாக்ஸ் பார்த்த ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 1980இல் உலகத் தெய்வங்களை எல்லாம் பட்டியலிட்டு ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் காளிக்குக் கிடைத்த கட்டம் 'குலைவு–தீமை'. நம் ஊர்க்காரர் யாரிடமாவது இதைச் சொன்னால் கோபப்படுவதற்கு முன் சிரித்துவிடுவார். அம்மையைக் கொடுப்பவளும் அவள், இறக்குபவளும் அவள். கருப்பசாமியை எந்தக் கட்டத்தில் உட்கார வைப்பது? கறியும் சாராயமும் சுருட்டும் கேட்கிற, பொய்ச்சத்தியம் பண்ணினவனைத் தூங்கவிடாத அந்தச் சாமி ஒழுங்கா, குலைவா? கழுவில் ஏறிய காத்தவராயனும், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனும் அவரவர் கதையில் அரச நீதியால் குற்றவாளிகள். தண்டனை முடிந்த பிறகு தெய்வங்கள். தீர்ப்பு எழுதியவர்களின் வம்சமும் வந்து கும்பிடுகிறது. ஒன்பது கட்டத்துக்குள் இந்தத் தெய்வங்கள் அடங்காமல் போவதற்குக் காரணம் இவை 'கலப்பானவை' என்பதல்ல. கட்டத்தை நிரப்பும் கை யாருடையது என்ற கேள்வி இந்தக் கதைகளுக்குள்ளேயே இருக்கிறது.

*

மூன்றாவது இரவு. நாங்கள் 'காப்ளின்' என்ற குள்ள இனத்தவரின் குகைக்குள் போகிறோம். ஊர்ச் சந்தையைக் கொள்ளையடித்தவர்கள் என்று கதை. சண்டை நடக்கிறது, பெரியவர்கள் எல்லாரும் செத்துப்போகிறார்கள். உள்ளறையில் ஒரு மூலையில் ஏழெட்டுக் குழந்தைகள். என் மருமகன்தான் கதைசொல்லி. அவன் குழந்தைகளை வர்ணித்துவிட்டு நிறுத்தினான்.

'பாலடின்' என்ற சத்திய வீரன் வேடம் போட்ட பையன் உடனே சொன்னான்: "புத்தகத்துல நியூட்ரல் ஈவில்னு போட்டிருக்கு. விட்டா வளர்ந்து திரும்பக் கொள்ளையடிக்கும். முடிச்சிரலாம்."

அதுவரை அதிகம் பேசாமல் இருந்த இன்னொரு பையன், வில்லாளி வேடம், தாளைப் பார்த்தபடியே கேட்டான்: "பொறந்தப்பவே கெட்டதுன்னு எழுதிப்புட்டா, அப்புறம் அது கெட்டது பண்ணி என்னத்துக்கு ஆகப்போகுது?"

யாரும் பதில் சொல்லவில்லை. இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க மாட்டிக்கொள்கிற இடம் இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். குகை, குழந்தைகள், சத்திய வீரன் என்று அரைநூற்றாண்டாக அதே சிக்கல். கொன்றால் வீரனின் அறம் போகிறது, விட்டால் ஊர் போகிறது என்று இதை வைப்பார்கள். எனக்கு இந்த வைப்புமுறையிலேயே சந்தேகம். இரண்டு வழியிலும் 'அது தீயது' என்பது முன்பே முடிந்துபோன செய்தியாக இருக்கிறது. விவாதம் நம்முடைய கை அழுக்காகுமா என்பதைப் பற்றி மட்டும்தான். மற்றமை அங்கே பேசுவதே இல்லை. அதற்கு வாயும் இல்லை, தாளும் இல்லை. புத்தகத்தில் ஒரு வரி மட்டும் இருக்கிறது.

பழைய விதிகளில் தண்டனையும் இருந்தது. 1978 விதிப்படி சத்திய வீரன் தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் அந்தப் பட்டத்தை நிரந்தரமாக இழப்பான். 1979இல் வந்த கதைசொல்லிக்கான கையேடு, ஒவ்வொரு ஆட்டக்காரனின் நடத்தையையும் வரைபடமாகக் குறித்துவரச் சொல்கிறது. சார்பு மாறினால் ஒரு படி இறக்கம். அறம் ஒரு கண்காணிப்பு வேலையாக மாறுகிற இடம் இது. கண்காணிக்கிறவர் கதைசொல்லி. அவருடைய சார்பை எழுத எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

*

இங்கே எங்கள் பக்கத்து வரலாறு ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1871இல் வெள்ளையர் அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911 திருத்தத்துக்குப் பின் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததே குற்றத்துக்கான சான்று. ஜனங்கள் வாயில் அது ரேகைச் சட்டம். பெயர் எழுதி, பத்து விரலையும் மையில் தோய்த்து உருட்டி, பதிவேட்டில் ஏற்றிவிட்டால் முடிந்தது. இரவானால் காவல்நிலையத்தில் போய்ப் படுக்கவேண்டும். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் இந்தப் பதிவுக்கு மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மேல் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அன்றைக்குத் திண்டுக்கல்லும் உசிலம்பட்டியும் ஒரே மதுரை மாவட்டம். சென்னை மாகாணத்தில் சட்டம் போனது 1947இல்.

ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசும்போது துப்பாக்கிச் சூட்டை இழுப்பது அதிகப்படி என்று சிலர் சொல்லக்கூடும். விளையாட்டு சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே இலக்கண வடிவத்தில் இயங்குகின்றன. 'அவன் திருடினான்' என்பது வினைமுற்று. அதற்குக் காலம் உண்டு, இடம் உண்டு, சாட்சி உண்டு, மறுப்பும் உண்டு. 'அவன் திருடன்' என்பது பெயர். அதை மறுக்க என்ன சாட்சியைக் கொண்டுவர முடியும்? திருடாமல் இருந்த நாட்களையா? அதிகாரி அந்த நாட்களைப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவார். வினை பெயராக மாறுகிற அந்தக் கணத்தில்தான் தீமை பற்றிய சொல்லாடல் அதிகாரமாகிறது. அல்தூசர் சொன்ன உதாரணத்தில் தெருவில் போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்ப்பவன் தன்னிலை ஆகிறான். ரேகைப் பதிவேட்டில் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. தொட்டிலுக்கே வந்து கூப்பிடுகிறார்கள்.

இதைத் தலைகீழாக்கிப் பார்த்த மரபும் நம்மிடம் உண்டு. 1934இல் பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' மேடையேறியது. 1946இல் புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' வந்தது. 1948இல் தடை செய்யப்பட்டது, தடை நீங்கியது 1971இல். அரக்கர் என்று எழுதப்பட்டவர்கள் யார், எழுதியவர்கள் யார் என்று கேட்டதுதான் அந்த மரபின் சாதனை. அமெரிக்க நிறுவனம் அந்தக் கேள்விக்கு 2020இல்தான் வந்து சேர்ந்தது. ஓர்க் போன்ற இனங்களை முன்பு சித்திரித்த விதம், நிஜ மனிதக் கூட்டங்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை ஒத்திருக்கிறது என்று அந்த ஆண்டு ஒப்புக்கொண்டார்கள். 2024இல் 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'உயிர்வகை' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். ஓர்க் ஆட்டக்காரருக்கான பாத்திரங்களில் ஒன்றாகி, 2025இன் பூதப் புத்தகத்திலிருந்து காணாமல் போய்விட்டது.

ஆனால் நம் தலைகீழாக்கத்தில் ஒன்று மாறவில்லை. இராவணன் நல்லவனானான், இராமன் தீயவனானான். தாளில் தலைப்புகள் அப்படியே இருந்தன, பெயர்கள் இடம் மாறின. இலங்கை அரண்மனையில் எச்சில் இலை எடுத்தவன் எந்த வேடத்தில் வருவான் என்று இரண்டு காவியமும் கவலைப்படவில்லை. (நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்தத் தலைகீழாக்கம் நடக்காமல் இருந்திருந்தால் ஏட்டைத் திருப்பிப் பார்க்கலாம் என்றே எனக்குத் தோன்றியிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.) 2024க்காரர்கள் வேறு வழியைப் பிடித்திருக்கிறார்கள். எதிரியின் பெயரை நீக்கிவிட்டார்கள். வெட்டுவது அப்படியே இருக்கிறது.

*

எங்கள் அம்மா வைகுண்ட ஏகாதசி ராத்திரி தூக்கம் விழிக்கப் பரமபதப் படத்தை விரிப்பார். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியில் வைகுண்டம். மருமகனின் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் இதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: காய்க்குக் குணம் கிடையாது. என் காய் புளியங்கொட்டை, அம்மாவின் காய் சோழி. பாம்புக்கு இரண்டும் ஒன்றுதான். தீமை ஆள்மேல் எழுதப்படவில்லை, இடத்தின்மேல் எழுதப்பட்டிருக்கிறது. யாரும் அங்கே வழுக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இது இங்கிலாந்துக்குப் போய் சிக்கனம், உழைப்பு என்று ஏணிகளுக்குப் பெயர் மாறி, பிறகு பெயரே இல்லாத குழந்தை விளையாட்டானது.

பரமபதத்தைக் கொண்டாட நான் தயாராக இல்லை. அதில் பாவம் யாரும் *செய்வதில்லை*. பாவத்தின்மேல் போய் விழுகிறோம், அவ்வளவுதான். செயல் இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை. பிறப்பைத் தாயத்தின் தலையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுகிற கருத்தியலுக்கு இதைவிட வசதியான படம் கிடைக்காது.

கந்தசஷ்டி வேறு மாதிரி. சூரன் தலை மாறி மாறி வருவான். யானைமுகம், சிங்கமுகம், சூரமுகம். கடைசியில் மாமரம். வேல் பிளந்ததும் ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். தீமை அழிக்கப்படுவதில்லை, ஆட்கொள்ளப்படுகிறது என்று சைவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். மயிலுக்கு நல்ல மரியாதை உண்டு. ஆனாலும் அது எப்போதும் கீழேதான் இருக்கிறது. பல ஊர்களில் வீரபாகு முதலான நவவீரர் வேடம் செங்குந்தர்களுக்குப் பரம்பரை உரிமை. நன்மையின் சேனைக்கும் பிறப்பேடு இருக்கிறது என்று பொருள்.

இதை எங்கள் தெருவிலேயே நான் செய்திருக்கிறேன். பத்து வயசிருக்கும். சஷ்டி முடிந்த வாரம் முழுக்க சூரன் விளையாட்டு. நூல் வந்த அட்டைப்பெட்டியில் மூன்று முகம் வரைந்து தலை செய்வோம். அதை மாட்டிக்கொள்ள ஒவ்வொரு நாளும் ஒரே பையன்தான். ஊருக்கு வெளியே இருந்து வருவான். அவனாகச் சூரன் ஆகவில்லை. சூரனாக இருந்தால்தான் எங்கள் தெருவில் விளையாட முடியும். ஒருநாள் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னைக்கு ஒருநா நான் முருகனா இருக்கேன்டா" என்றான். "நீ எப்படிடா?" என்று கேட்டது நான். அவன் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மறுபடி மாட்டிக்கொண்டான். கோபம் இருந்ததா என்று தெரியாது. பெட்டிக்குள் முகம் தெரியவில்லை. அந்த இரண்டு சொல் கேள்விக்கு எந்தப் புத்தகமும் எனக்குத் தேவைப்படவில்லை என்பதைத்தான் இப்போது யோசிக்கிறேன்.

*

வடக்கே தெருக்கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. துகிலுரிதல் ஆடும்போது துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்துகிறார். வேடத்தை விட்டு வெளியே வந்து, திரௌபதிக்குக் கற்பூரம் காட்டி, கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி துச்சாதனன் ஆகிறார். பக்தி என்று இதைத் தாண்டிப் போய்விடலாம். எனக்கு இது ஆட்டவிதியாகவே படுகிறது. வேடம் தீயது என்று எல்லாருக்கும் தெரியும், கதையில் எழுதியிருக்கிறது, அவர் வேறு மாதிரி ஆடவும் முடியாது. ஆனாலும் 'வேடம் செய்தது, நான் இல்லை' என்று சொல்லி ஒதுங்க அந்த விதி அவரை விடுவதில்லை. கை தன்னுடையது என்று சபை முன்னால் ஒத்துக்கொண்ட பிறகுதான் சேலையைத் தொடலாம். மருமகனின் ஆட்டக்காரர்கள் மத்தியில் 'என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்' என்று ஒரு வாசகம் புழங்குகிறது. கூட ஆடுகிறவனைத் திருடிவிட்டு, முதுகில் குத்திவிட்டு, இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்களாம். 2010களில் மேசை நடுவில் ஒரு அட்டையை வைத்து, யாருக்காவது மனம் பொறுக்காவிட்டால் அதைத் தொட்டு ஆட்டத்தை மாற்றும் வழக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். நல்ல வழக்கம். ஆனால் அட்டையைத் தொடுகிறவர் பொறுக்காதவர். கற்பூரம் ஏற்றுகிறவர் செய்யப்போகிறவர்.

அந்த இரவு என் மருமகன் செய்ததைச் சொல்லவேண்டும். அவன் கூத்துப் பார்த்தவன் இல்லை. வில்லாளிப் பையன் கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை, புத்தகத்தையும் புரட்டவில்லை. "சரி. முடிச்சிரலாம்னா முடிச்சிரலாம். தாயம் வேண்டாம், அதுக எதுத்து அடிக்காது. யாரு செய்றீங்க? மொதல்ல எந்தப் புள்ள, எதால, எப்படின்னு வாயால சொல்லுங்க. சொன்னா நடந்ததா வச்சுக்குறேன்" என்றான்.

சத்திய வீரன் வாயைத் திறந்தான். "நான்..." என்றான். அப்புறம் தண்ணீர் கேட்டான்.

பெருங்காமநல்லூர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் இப்படி ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லவேண்டி வந்திருக்காது. 'எப்போதும்', 'பெரும்பாலும்' என்ற சொற்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லாமலே காரியத்தை முடிக்க ஏற்பட்டவை. அந்த விளையாட்டின் பலம் தாளில் இல்லை. 'நான்' என்று தொடங்கி வினைமுற்றில் முடிக்கவேண்டிய கட்டாயத்தில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்களே ஒன்பது கட்டத்தைப் போட்டு அந்தப் பலத்தை மூடிவைத்திருக்கிறார்கள் என்பதுதான் விசித்திரம்.

எனக்கு அங்கேயே எழுந்து போய்ப் படுத்துக்கொண்டிருக்கலாம் என்றிருந்தது. நல்ல முடிவு, எல்லாரும் கைகழுவியாயிற்று. வில்லாளிப் பையன் விடவில்லை.

"சரி, வெட்டல. வெட்டாம வந்துட்டம்னு வச்சுக்க. அதுக சோத்துக்கு என்ன பண்ணும்? பெத்தவங்கள நாமதான முடிச்சோம்."

தாளில் கையிருப்பு என்று ஒரு கட்டம் உண்டு என்றேனே. கயிறு, தீப்பந்தம், ஒரு நாள் உணவு இத்தனை பொட்டலம் என்று அதில் எழுதியிருக்கும். மீதி ராத்திரி முழுக்க அந்தக் கணக்குதான். ஏழு பிள்ளையா எட்டா, மருமகன் முதலில் என்ன சொன்னான், ஒரு பொட்டலம் பிள்ளைக்கு ரெண்டு நாள் வருமா, பக்கத்து ஊரில் யாரிடமாவது ஒப்படைக்க முடியுமா, ஒப்படைத்தால் அந்த ஊர்க்காரன் அடிக்காமல் விடுவானா. மணி இரண்டரை ஆகிவிட்டது. என் பையில் இருந்த ஆறு பொட்டலத்தில் நாலு கொடுத்தேன். வில்லாளி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் வேட்டையாடிக்கொள்கிறேன் என்றான். சத்திய வீரன் தன் தாளில் 'பத்து' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'மூணு' என்று எழுதினான். பிறகு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதையும் அடித்தான்.